தனம் போடாத கையெழுத்து

நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைத் தோண்டிக் கொட்டிக் கொட்டி ஒரு மலையே எழும்பியிருக்கிறது. மண்மேடு என்பார்கள். சாம்பல் நிறம். மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் செடி வைத்துக் காடாக்குகிற பெண்களில் ஒருத்தி முத்தாண்டிக்குப்பத்துத் தனம். 1999-இல் வேலைக்குச் சேர்ந்தவள். தெற்குச் சரிவில் இன்று ஆள் உயரம் தாண்டி நிற்கும் புங்கமரங்களைக் காட்டி, இது என் வரிசை, அது செல்லக்கிளி வரிசை என்று பிரித்துச் சொல்வாள். தன் வரிசையில் பட்டுப்போன செடி குறைவு என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவாள்.

"ஒன்ற அடி குழி எடுன்னுதான் சொல்லுவாங்க. நான் ரெண்டடி எடுப்பேன். காண்ட்ராக்டரோட அளவு செடிக்கு எங்க தெரியுது?"

சுரங்கம் வருவதற்கு முன் அந்த மேட்டுக்கு அடியில் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கொல்லை குழந்தைவேலுவின் அப்பாவுடையது. அதில் களை எடுத்தவள் தனத்தின் அம்மா. நிலம் போனதற்கு ஈடாகக் குழந்தைவேலுவுக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. நிலமே இல்லாதவளுக்கு எதற்கு ஈடு? தனம் காண்ட்ராக்டில் சேர்ந்தாள். இப்போது அதே குழந்தைவேல்தான் செடி வைக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசர். இருவருக்கும் இதில் மனத்தாங்கல் ஏதும் கிடையாது. இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பேச்சுவாக்கில் தனம் அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

2016 ஆடி மாதம் ஒரு லிஸ்ட் ஒட்டினார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் காண்ட்ராக்டில் இருப்பவர்களைத் தொழிலாளர் சொசைட்டியில் சேர்க்கப்போகிறார்கள். சொசைட்டிக்குப் போய்விட்டால் காண்ட்ராக்டர் மாறினாலும் வேலை போகாது. சம்பளச் சீட்டு, பி.எஃப்., லீவு எல்லாம் உண்டு. லிஸ்டில் அறுபத்து மூன்றாவது பேர் தனம். நோட்டீஸ் போர்டுக் கண்ணாடியின் மேல் விரலை வைத்து அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் அந்த போர்டில் அவள் பேர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க ஒரு மாதம் கெடு, அதன் பிறகே லிஸ்ட் உறுதியாகும் என்று கீழே எழுதியிருந்தது.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் வசூல்காரன் வந்து சேர்ந்தான்.

அவன் கேட்டு வந்த கடனுக்கு ஒன்பது வயது. 2007-இல் காண்ட்ராக்ட் கூலியை முதன்முதலாக பேங்க்கில் போட ஆரம்பித்தபோது, வாசலில் குடை நட்டு, மேசை போட்டு, டை கட்டிய இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு பேங்க்கின் ஆட்கள். "பாஸ் வச்சிருக்கீங்களாம்மா?" என்றார்கள். கழுத்தில் தொங்கிய கேட் பாஸைத் தனம் தூக்கிக் காட்டினாள். அதில் கம்பெனி முத்திரை பெரிதாகவும், காண்ட்ராக்ட் என்ற சொல் பொடியாகவும் இருந்தது. மாதத்துக்கு இத்தனை பேரைப் பிடித்தாக வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த பையன்களுக்குப் பொடி எழுத்தைப் படிக்க நேரமில்லை. மூன்றாவது வாரம் தபாலில் கிரெடிட் கார்டு வந்தது. இருபத்தைந்தாயிரம் வரை தேய்த்துக்கொள்ளலாம்.

பெர்மனென்ட் ஆட்களுக்குப் பண்டிகைக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். அதைப் பத்து மாதத் தவணையாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் குழந்தைவேல் டிவி வாங்கி வந்து இறக்கியதைத் தனம் பார்த்திருக்கிறாள். பாஸைப் பார்த்துக் கொடுத்ததால் கார்டும் அதே மாதிரி அட்வான்ஸ்தான், கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"நம்மளயும் ஒரு ஆளுன்னு மதிச்சு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்று வீட்டில் சொன்னாள்.

அவள் புருஷன் பாவாடை சிரித்தான். குள்ளஞ்சாவடிச் சந்தையில் மூட்டை தூக்கிய மனிதன். அப்போதே அவனுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டாயிரம் கட்டச் சொன்னபோது தனம் கார்டைத் தேய்த்தாள். மருந்துக்கு ஆறாயிரம், அதற்கும் தேய்த்தாள். பிறகு இரண்டு மாதம், கூலியில் பிடிப்பார்கள் பிடிப்பார்கள் என்று காத்திருந்தாள். கூலி குறையாமல் முழுசாக வந்துகொண்டிருந்தது. இங்கிலீஷில் வந்த தபால்களைப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்தாள். அந்த இரண்டு மாதத்துக்குள் வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று ஏறிப்போயிருந்தது.

விஷயம் விளங்கிய நாளிலிருந்து மாதம் ஆயிரத்து இருநூறு கட்டினாள். பகலில் மண்மேடு, பொழுது சாய்ந்தால் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைப்பு. கொட்டையின் பால் பட்டு உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்தது. தவணை கட்ட ஆரம்பித்த எட்டாவது மாதம் பாவாடை போய்ச் சேர்ந்தான். அவன் கருமாதி நடந்த மாதத்திலும் அவள் தவணையை நிறுத்தவில்லை. இப்படி இருபத்தாறு தவணை. 2009 அக்டோபரில் காண்ட்ராக்டர் மாறி நாலு மாதம் வேலை இல்லாமல் போனது. பாக்கி எவ்வளவு என்று போனில் கேட்டாள். நாற்பத்தோராயிரம் என்றார்கள்.

வாங்கியது இருபத்து நாலாயிரம். கட்டியது முப்பத்தோராயிரத்து இருநூறு. பாக்கி நாற்பத்தோராயிரம்.

"நான் வாங்குனதுக்கு மேலயே குடுத்துட்டேன். இனி ஒரு பைசா கெடையாது" என்று மகள் இசைப்பிரியாவிடம் சொல்லிவிட்டு, ரசீதுகளைச் செடி வைக்கும் கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினாள். மகளுக்கு அப்போது பதினாலு வயது. இப்போது கடலூரில் நர்ஸாக இருக்கிறாள். அந்தப் படிப்புக்குத் தனம் யாரிடமும் கைநீட்டவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது 2011-இல் நடந்தது. அந்த வருஷத்துக் காண்ட்ராக்டர் பேங்க்கில் போடாமல் கூலியைக் கையிலேயே கொடுத்தான். கூலி ரிஜிஸ்டரில் தொகையைப் பென்சிலில் எழுதுவது அவன் பழக்கம். பெண்கள் பென்சில் டிக் அடித்த இடத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டு, நூற்று நாற்பது ரூபாய்க் கணக்கில் வாங்கிப்போவார்கள். பிறகு பென்சில் அழிந்து, நூற்று எண்பத்தைந்து என்று பேனாவில் ஏறும், மிச்சம் அவன் பைக்குப் போகும். ஒருநாள் தனம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"தொகைய பேனாவுல எழுதுங்க. எழுதிட்டு சத்தமா படிங்க. அப்புறம் போடறேன்."

"நீ இன்னா கலெக்டரா?" என்றான் காண்ட்ராக்டரின் ஆள்.

"கலெக்டரா இருந்தா நான் ஏன் குழி எடுக்கறேன்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் போடவில்லை. மூன்று நாள் கூலி வராமல் கிடந்தார்கள். நாலாவது நாள் பேனாவில் நூற்று எண்பத்தைந்து எழுதி, ஒவ்வொருத்தி பேரையும் தொகையையும் சத்தமாகப் படித்தார்கள். அன்றிலிருந்து மண்மேட்டில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எந்தக் காகிதம் வந்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்த பிறகுதான் கையெழுத்து. லீவு சீட்டாக இருந்தாலும் சரி, மழைக்கோட்டு வாங்கிய ரசீதாக இருந்தாலும் சரி.

வசூல்காரன் பேர் மணிமாறன். திருவதிகைப் பையன். இருபத்தைந்து வயது இருக்கும். தெருவில் எல்லோரும் வீட்டோடு இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்து, தனத்தின் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரனை அடித்தான்.

"இங்க தனம்ங்கறது யாருங்க? கிரெடிட் கார்டு கடன், ஒரு லட்சத்து எம்பத்தாறாயிரம்."

எதிர்வீட்டுக் கனகம் விளக்குமாற்றோடு வெளியே வந்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

"மெதுவா பேசு தம்பி. உள்ள வா" என்றாள் தனம்.

"உள்ள வந்து இன்னாம்மா பண்றது. பேங்க்லருந்து வரேன். ஒம்பது வருசமா கடன வச்சிக்கினு வூடு, டிவின்னு நல்லாத்தான் இருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தி, தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சொசைட்டி லிஸ்ட்ல உங்க பேரு அறுவத்தி மூணாவதா வந்துக்கிது இல்ல? இவங்க கடன்காரங்கன்னு ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்தேன்னு வைங்க, பேர அடிச்சிருவாங்க."

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள் தனம்.

அவன் குரல் இறங்கியது. "ரெண்டாயிரம் கட்டுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஃபைல மூடிடலாம். அவ்ளோதான்."

பைக் சீட்டின் மேல் ஒரு காகிதத்தை விரித்தான். கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலில் ஒரு டிக் இருந்தது. கனகத்தின் விளக்குமாறு நின்றுவிட்டிருந்தது. இந்தப் பையன் வாசலைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது தனத்துக்கு. பென்சில் டிக்கைப் பார்த்தால் போய்ப் பழகிய கை, தானாகப் போனது. 'த' எழுதினாள். 'ன' எழுதினாள். அப்போதுதான் காகிதத்தின் நடுவில் காலியாக விட்டிருந்த கட்டம் கண்ணில் பட்டது.

"தொகை எங்க?"

"அது ஆபீஸ்ல போட்டுக்குவாங்கம்மா. நீங்க முடிங்க."

தனம் பேனாவை சீட்டின் மேல் வைத்தாள். அவன் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை நீங்க வேலை செய்ற எடத்துக்கே வரேன். உங்க ஆளுங்க எல்லாம் பாக்கட்டும்" என்று சொல்லிக் கிளம்பினான்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லிஸ்டை நினைத்த பயம் ஒரு பக்கம். அதைவிட, நாற்பது பெண்களைக் கையெழுத்துப் போடாமல் நிறுத்தியவளின் கை, தனியாக மாட்டிக்கொண்டதும் இப்படி ஓடிப்போய்விட்டதே என்பதுதான் அவளைத் தின்றது.

திங்கட்கிழமை குழந்தைவேலுவிடம் சொன்னாள். "ரெண்டாயிரந்தானே கேக்கறான், மூஞ்சில வுட்டெறிஞ்சுட்டு கையெழுத்தப் போட்டுடு தனம். லிஸ்ட் வர்ற நேரத்துல இன்னாத்துக்கு வம்பு" என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் தனத்துக்கு அந்தக் காலிக் கட்டம் நெருடிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கறுப்புப் பையோடு நெய்வேலி கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி அறைக்குப் போனாள். அங்கே விஜயலட்சுமி என்ற வக்கீல் உட்கார்ந்திருந்தார். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கடைசியா எப்ப கட்டினீங்க?"

"ரெண்டாயிரத்து ஒம்பது அக்டோபருங்க."

"அதுக்கப்புறம் எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"போன ஞாயித்துக்கெழம அரைக் கையெழுத்துப் போட்டேங்க."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "அரைக் கையெழுத்தா?"

நடந்ததைத் தனம் சொன்னாள். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "முடிக்காத கையெழுத்து, தொகையும் இல்லாத காகிதம். அத வச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, பயப்படாதீங்க. இப்ப நான் சொல்றத கவனமா கேளுங்கம்மா. கடைசித் தவணை கட்டி மூணு வருஷம் தாண்டிட்டா, கோர்ட்டுக்குப் போய் இந்தக் கடன வசூல் பண்ண முடியாது. உங்களுக்கு ஏழு வருஷம் ஆகப்போகுது. அதனாலதான் அந்தப் பையன் கையெழுத்துக்கு அலையறான். 'இவ்ளோ பாக்கி, நான் தரேன்'னு நீங்க புதுசா எழுதிக் குடுத்துட்டா, செத்துப்போன கடன் எழுந்து உக்காந்துக்கும். அவங்க வந்து கேக்கலாம். மிரட்டக் கூடாது. தெருவுல நின்னு கத்தக் கூடாது."

"லிஸ்ட்ல பேர அடிச்சுருவேன்னு சொல்றானுங்களே."

"அது உங்க ஆபீஸ் விஷயம். எனக்குத் தெரியாம நான் சொல்லக் கூடாது. அங்கதான் கேக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது தனம் கணக்குப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் கழுத்தில் ஏறும். போடாவிட்டால் பதினேழு வருஷத்து லிஸ்ட் போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் மறைவில் நடக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன், செடிக்கூடைகளை இறக்கிக்கொண்டே கார்டு கதை முழுவதையும் அவளே எல்லோரிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரி, அட்வான்ஸ் என்று ஏமாந்தது, இருபத்தாறு தவணை, அரைக் கையெழுத்து எதையும் விடவில்லை.

"இவ்ளோ நாளு வாயத் தொறக்கலியேடி" என்றாள் செல்லக்கிளி.

"பெருமயான விசயமா, மேளம் அடிச்சு சொல்ல."

பத்து மணி டீ நேரத்துக்கு மணிமாறன் மேட்டுப் பாதையில் பைக்கில் ஏறி வந்தான். இருபது பெண்களும் குழந்தைவேலும் இருப்பதைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான். "இங்க தனம்ங்கறவங்க ஒரு லட்சத்து எம்பத்தாறாயிரம் கடன் வாங்கிட்டு..."

"தெரியும் தம்பி" என்றாள் செல்லக்கிளி. "ஆஸ்பத்திரிக்கு வாங்குனது இருவத்தி நாலாயிரம். கட்டுனது முப்பத்தோராயிரத்து எரநூறு. மீதி கதைய நீ சொல்லு, டீ ஆறுது."

தனம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"பேப்பரக் குடு தம்பி. எங்க வழக்கம் ஒண்ணு இருக்குது. சத்தமா படிச்சாத்தான் இங்க கையெழுத்து."

"இது இங்கிலீஷ்ல இருக்கும்மா."

"வெண்மதி பி.காம். படிச்ச பொண்ணு. வேற வேல கெடைக்காமத்தான் எங்களோட குழி எடுக்குது. ஏம்மா வெண்மதி, வா."

அவன் கொடுக்கத் தயங்கினான். இருபது பேரும் டீ கிளாஸோடு வட்டமாக நின்றிருந்தார்கள். கொடுத்தான். இது புதுக் காகிதம். கட்டத்தில் தொகை டைப் அடித்திருந்தது. வெண்மதி முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"தனம் ஆகிய நான், ஒரு லட்சத்து எம்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி வச்சிருக்கறது உண்மை. அத வட்டியோட திருப்பித் தரேன்னு மனப்பூர்வமா உறுதி சொல்றேன்."

"ரெண்டாயிரம்னு எங்க இருக்குது?" என்றாள் தனம்.

"இல்லக்கா."

"ஃபைல மூடறோம்னு?"

"அதும் இல்லக்கா. அப்புறம் மேல பேங்க் பேரே இல்ல. வேற எதோ கம்பெனி."

"பேங்க்லருந்து வரேன்னு தெருவே கேக்கச் சொன்னியேப்பா" என்றாள் தனம்.

"பேங்க் எங்களுக்கு வித்துட்டாங்கம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

"ரெண்டாயிரத்துக்கு முட்ட வச்சா ஒரு லட்சத்து எம்பத்தாறாயிரம் குஞ்சு பொரிக்குதுடி" என்றாள் செல்லக்கிளி. பெண்கள் சிரித்தார்கள். குழந்தைவேல் சிரிக்கவில்லை. காகிதத்தை வெண்மதியிடமிருந்து வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் போடச் சொன்னேனே தனம்" என்றார் மெதுவாக.

தனம் காகிதத்தை மணிமாறனிடம் திருப்பிக் கொடுத்தாள். "நான் போட மாட்டேன். வாங்குனதுக்கு மேலயே கட்டிட்டேன். மூணு வருசம் தாண்டுனா கோர்ட்டுல செல்லாதுன்னும் எனக்குத் தெரியும். கேட்டுட்ட இல்ல, போயிட்டு வா."

அவன் முகம் சுண்டிவிட்டது. "சரிம்மா. நேரா உங்க ஆபீஸுக்குத்தான் போறேன். அறுவத்தி மூணாம் நம்பரு இருக்கா போச்சான்னு சாயந்தரம் பாத்துக்குங்க." பைக்கை உதைத்தான்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த லிஸ்டில் அங்கே நின்றிருந்த இன்னும் ஒன்பது பேரின் பேர் இருந்தது. அது போனால் என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். தனம் கடப்பாரையைப் படுக்க வைத்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். ரசீதுப் பையை எடுத்துக்கொண்டு வந்து பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடு."

"நீங்க எங்கம்மா வரீங்க?"

"ஆபீஸுக்கு. என்னப் பத்தித்தானே எழுதிக் குடுக்கப்போற. நான் இல்லாம எப்பிடி?"

"தனம், அரை நாள் மஸ்டர் போயிரும், கூலி வராது" என்றார் குழந்தைவேல்.

"பதினேழு வருசமே போயிரும்ங்கறான், அரை நாளப் பாத்தா ஆவுமா சார்."

மணிமாறனுக்கு இறங்கச் சொல்லவும் வாய் வரவில்லை, ஓட்டவும் மனசில்லை. ஓட்டினான். டவுன்ஷிப் ரோட்டில் மரநிழல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ரவுண்டானாவில் வேகத்தைக் குறைத்தான்.

"ஆயிரம் குடுங்கம்மா. நான் திரும்பிப் போயிடறேன்."

"ஓட்டு தம்பி."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "பெட்ரோல் இருக்குமான்னு தெரியலீங்க" என்றான்.

"போட்டுக்க. நான் நிக்கறேன்."

அவன் போடவில்லை. தனமே பேச்சுக் கொடுத்தாள். "இந்த மாதிரி ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்தா உனக்கு இன்னா குடுப்பாங்க?"

"ஐநூறுங்க."

"மாசச் சம்பளம்?"

"அது இல்லீங்க. கையெழுத்துக்குத்தான் காசு."

"அப்ப நீயும் காண்ட்ராக்டுதான்" என்றாள் தனம். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீஸில் கூட்டமில்லை. லிஸ்டைக் கவனிக்கும் அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் தனம் அதுவரை போனதில்லை. மணிமாறன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"சார், நான் மண்மேட்டுல செடி வைக்கறவ. லிஸ்ட்ல அறுவத்தி மூணு, தனம். நான் கடன்காரி, என் பேர அடிக்கணும்னு இந்தத் தம்பி எழுதிக் குடுக்க வந்துக்கிறாரு. எனக்குத் தெரியாம குடுத்துறக் கூடாதுன்னு நானே கூட்டியாந்துட்டேன். இதுல இருவத்தாறு ரசீது இருக்குது. அவுரு சொல்றதயும் கேளுங்க, இதயும் பாருங்க. பாத்துட்டு, அடிக்கணும்னா என் கண்ணு முன்னால அடிங்க."

ரசீதுகளை மேசையில் அடுக்கினாள். எழுத்து மங்கியிருந்தது, தேதி மட்டும் தெரிந்தது. அதிகாரி இரண்டு மூன்றைப் பார்த்தார். பிறகு மணிமாறனைப் பார்த்தார்.

"என்ன கடன்?"

"கிரெடிட் கார்டு சார்."

"கம்பெனிக்கு ஏதாவது பாக்கியா?"

"இல்ல சார்."

"கிரெடிட் கார்டு பாக்கின்னு பேர அடிக்கணும்னா இந்த ஆபீஸ்ல பாதிப் பேரு வெளிய நிக்கணுமேப்பா. என்னையும் சேத்து." ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார். "லெட்டர் குடுக்கறதுன்னா குடு, வாங்கிக்கறேன். உன் பேரு, கம்பெனி பேரு, அட்ரஸ், எந்த அதிகாரத்துல வந்த, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடு. சீல் போட்டு இந்தம்மாவுக்கு ஒரு காப்பி குடுத்துடுவேன்."

மணிமாறன் தாளைப் பார்த்தான். பேனாவை எடுக்கவில்லை. "கம்பெனில கேட்டுட்டு வரேன் சார்" என்றான்.

"லிஸ்ட்டுல என் பேரு?" என்றாள் தனம்.

"இருக்கும்மா. சர்வீஸைப் பாத்துப் போட்ட லிஸ்ட் அது. உங்க வீட்டுக் கடனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? போய் வேலையப் பாருங்க."

தனம் ரசீதுகளைத் தேதி வரிசை மாறாமல் அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் லிஸ்ட் உறுதியானபோது, மேலே இருந்த இரண்டு பேர் வயதாகி நின்றுவிட்டதால் அவள் அறுபத்தொன்றாவதாக இருந்தாள். அந்தக் கம்பெனியிலிருந்து அதற்குப் பிறகும் நாலைந்து போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அதே பதிலை, அதே நிதானத்தோடு சொன்னாள். பிறகு வருவது நின்றுவிட்டது.

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் மணிமாறன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்படியே போய்விடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கொண்டாந்த எடத்துல கொண்டுபோயி வுடு தம்பி. பஸ்ஸுக்கு நின்னா எனக்கு மத்தியானம் ஆயிரும்" என்றாள் தனம்.

அவன் வண்டியை எடுத்தான். மண்மேட்டு அடிவாரத்தில் இறக்கிவிட்டபோது, "வரேங்க" என்று மட்டும் சொன்னான்.

"சாப்புட்டுட்டுப் போ" என்றாள் அவள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

சரிவின் மேலே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் நடந்து வந்த விதத்திலேயே செல்லக்கிளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குனிந்து மண்ணை அள்ள ஆரம்பித்தாள். குழந்தைவேல் மஸ்டர் நோட்டைக் கையில் வைத்திருந்தார். திங்கட்கிழமை அன்று தான் சொன்ன யோசனை அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"முழு நாளாவே போட்டுடறேன் தனம். நான் பாத்துக்கறேன்."

"சும்மா போடாதீங்க சார்" என்றாள் தனம். கடப்பாரையை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகினாள். "என் வரிசையில நாப்பது குழி நிக்குது. முடிச்சுட்டுக் கூப்புடறேன். வந்து எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க."